மீசையை எடுத்துட்டு இறங்கு, மருமவனே

அந்தமான்ல ஹேவ்லாக் போறியளாமே, மருமவனே. நல்லது, போயிட்டு வாங்க. விருந்துச் சோறு செரிக்கிறதுக்குள்ள கடலுக்கு அடியில இறங்கி மீனப் பாக்கணும்னு ஆசை வந்திருக்குன்னா, அது என் அக்கா வளத்த வளப்பு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. நீ போற தீவுக்கு 2018-லயே ஸ்வராஜ் தீவுன்னு பேரு மாத்திட்டாவ. விமானம் இறங்குற போர்ட் பிளேருக்கும் 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேராயிட்டு. டிக்கெட்டுல ஒரு பேரு இருக்கும், ஆட்டோக்காரன் வாயில இன்னொரு பேரு இருக்கும். "நம்மள வேற ஊருல இறக்கி விட்டுட்டான்"னு படகுத்துறையில நின்னு கத்தாத. புதுப் பொண்டாட்டி பக்கத்துல நிப்பா.

திரேஸ்புரத்துல சங்கு குளிச்சே தலை நரைச்சவன்கிட்ட வந்து "மாமா, ஸ்கூபாவுக்கு ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க"ன்னு கேட்ட பாரு, அந்த மரியாதைக்காவச் சொல்லுதேன். எங்க காலத்துல கடலுக்கு அடியில போனா சங்கோட வரணும். வெறுங்கையோட வந்தா சம்மாட்டி மூஞ்சில முழிக்க முடியாது. நீங்க என்னடான்னா காசக் கட்டிட்டுப் போயி வெறுங்கையோட வாறிய. கேட்டா 'எக்ஸ்பீரியன்ஸ்'ங்கிய. பக்கத்து வீட்டுப் பய ஒருத்தன் அங்கதான் முங்கச் சொல்லிக்குடுக்குற வேலையில இருக்கான். மே மாசம் பிறந்து கச்சான் காத்து கிளம்பி, கடல் கலங்கிட்டுன்னா அவனுக்குத் தொழில் மந்தம். ஊருக்கு வந்து என் திண்ணையில கிடப்பான். அவன் வாயைப் பிடுங்கிப் பிடுங்கி எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கேன். அதனால நீங்க நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவுல போறிய பாரு, அது ஒண்ணுதான் இதுவரைக்கும் உருப்படியாச் செஞ்ச காரியம்.

அவன் சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, முதல் தடவை முங்குறவன் கடலுக்குள்ள செய்ய வேண்டிய வேலை ஒண்ணுமே கிடையாதாம். நீச்சல் தெரியாதவனையும் கூட்டிட்டுப் போறாவ. முதுகுல சிலிண்டர், இடுப்புல ஈயக்கட்டி, காத்து ஊதிக்கிற சட்டை, எல்லாத்தையும் வாத்தியாரே மாட்டி விடுவான். உள்ள போனதும் பின்னால நின்னு சிலிண்டரைப் பிடிச்சு அவனே தள்ளிட்டுப் போவான். ஏத்துறது இறக்குறது எல்லாம் அவன் கை. நீ மூச்சு விட்டுக்கிட்டு சும்மா இருக்கணும். இதுக்கு ஆளுக்குச் சில ஆயிரம் ரூவா. கொறைச்சலான கூலின்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா உன்னை சும்மா இருக்க வைக்க உங்க அப்பனாலயே முடியல. கல்யாணப் பந்தியில கூட இலைக்கு முன்னால உக்காந்து போனை நோண்டின ஆளு நீ.

ஆழம் எவ்வளவுன்னு கேக்கியா? பாடின்னு ஒரு சங்கம், 1966-ல அமெரிக்காவுல தொடங்கினது. அவிய சட்டப்படி பத்து வயசுப் புள்ளையும் இந்த முதல் முங்கு முங்கலாம், 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. நாப்பது அடின்னு வச்சுக்க. அதுக்கு மேல 18 மீட்டர் வரைக்கும் போகணும்னா தனியாப் படிச்சு சர்டிபிகேட் வாங்கணும். திரும்பி வந்து ஆபீஸ்ல நூறடி போனேன்னு அளக்கப் போற. அளந்துக்க. சங்கு குளிக்கிறவன் எவனும் பக்கத்துல இல்லையான்னு மட்டும் பாத்துக்க.

இறங்குறதுக்கு முன்ன ஒரு பாரத்தை நீட்டுவாவ. ஆஸ்துமா உண்டா, இருதயக் கோளாறு உண்டா, வலிப்பு உண்டா, சமீபத்துல ஆபரேசன் ஆச்சா, கர்ப்பமான்னு கேட்டிருக்கும். கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு டிக் அடிச்சிராத. ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது உனக்கு மூச்சு இரைச்சு, என் அக்கா உன்னத் தூக்கிட்டு நடு ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு ஓடினதை நான் மறக்கல. மவளே, இதெல்லாம் பொண்ணு பாக்க வந்தன்னைக்குச் சொல்லியிருக்க மாட்டாவ. இப்பக் கேட்டுக்க. இரைப்பு உள்ளவனுக்கு நுரையீரல்ல அங்கங்க காத்து மாட்டிக்கிடும். மேல ஏறும்போது அந்தக் காத்து விரிஞ்சு வழி தேடும். வெளிய போக வழி இல்லேன்னா உள்ளயே கிழிச்சுக்கிட்டுப் போகும். டாக்டரைப் பாத்து, முங்கலாம்னு ஒரு சீட்டு இங்கயே எழுதி வாங்கிட்டுப் போ. அங்க கடற்கரையில நின்னுக்கிட்டு "எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல"ன்னு வாதாடினா பாதி நாள் அதுலயே போயிரும்.

இப்ப மீசை விசயத்துக்கு வாரேன். மூஞ்சியில மாட்டுற கண்ணாடி முகமூடி இருக்கே, அது மேல் உதட்டு மேல பதிஞ்சு உக்காரணும். நடுவுல மயிர் இருந்தா அது வழியா தண்ணி கசிஞ்சு உள்ள வரும். உன் மீசை இங்க கௌரவம், அங்க அது ஓட்டை. உதட்டுக்கு மேல, மூக்குக்குக் கீழ, கொஞ்சம் இடத்தை வழிச்சு விட்டாலே போதும்னு பய சொல்லுதான். ஆனா இந்தப் புள்ள முழுசா எடுக்கச் சொல்லும், அது மூஞ்சியிலயே தெரியுது. அதை நீங்க ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கிடுங்க, நான் தலையிட மாட்டேன். முகமூடி எடுக்கும்போது வாரைப் போடாம மூஞ்சியில வச்சு, மூக்கால லேசா உள்ளுக்கு இழு. கையை எடுத்த பொறவும் ஒட்டிக்கிட்டு நின்னா அது உன் மூஞ்சிக்குச் செஞ்சது. கலரு பொருந்துதான்னு பாத்து எடுக்காத. அப்புறம் கண்ணாடியில ஆவி படியாம இருக்க உள்பக்கம் துப்பி, விரலால தேய்ச்சு, கடத்தண்ணியில ஒரு அலசு அலசணும். வெளிநாட்டுக்காரனும் அதைத்தான் செய்யுதான். அப்படியும் கொஞ்சம் தண்ணி வரத்தான் செய்யும். பிச்சு எறிஞ்சிராத. மேல் விளிம்பை நெத்தியோட அமுக்கிக்கிட்டு மூக்கால நல்லா ஊது. தண்ணி கீழ வழியா வெளிய போயிரும். இதை இடுப்பளவு தண்ணியிலயே பழக்கி விடுவாவ. அப்ப பொண்டாட்டிய போட்டோ எடுக்காம வாத்தியார் சொல்லுறதைக் கேளு.

எங்க தொழிலுக்கும் உங்க விளையாட்டுக்கும் நேர் எதிரான சட்டம் ஒண்ணு இருக்கு. நாங்க மூச்சை அடக்கினாத்தான் பொழப்பு. நீ மூச்சை அடக்கினா உசுருக்கு மோசம். காரணம் கேளு. 10 மீட்டர் ஆழத்துல அமுக்கம் ரெண்டு மடங்காயிரும். நான் மேல நெஞ்சு நிறைய இழுத்துட்டுப் போன காத்து அங்க பாதியாச் சுருங்கும். திரும்ப மேல வந்தா பழைய அளவுக்கு விரியும். கொண்டு போனதைத்தான் கொண்டு வாரேன், வம்பு இல்ல. உன் கதை வேற. அந்த சிலிண்டர் எந்த ஆழத்துல நிக்கியோ அந்த ஆழத்து அமுக்கத்துக்கே காத்தைக் குடுக்கும். அங்க நெஞ்சு நிறைய இழுத்து, வாயை இறுக்கி மூடிக்கிட்டு மேல வந்தேன்னு வச்சுக்க, அது ரெண்டு மடங்கா விரியப் பாக்கும். உள்ள இடம் எங்க இருக்கு? நுரையீரல்தான் கிழியும். இதுக்கு நாப்பது அடி கூட வேண்டாம், நாலஞ்சு அடி ஏறுறதுக்குள்ளயே ஆவத்து வரலாம். அதனால இழு, விடு, இழு, விடு, எங்கயும் நிறுத்தாத. மூக்கால வேண்டாம், வாயால. பயம் வந்தா எந்த மனுசனும் செய்யுற முதல் காரியம் மூச்சைப் பிடிக்கிறதுதான். அதான் இதை முதல் பாடமா வச்சிருக்காவ. நீ போட்டோவுக்கு நிக்கும்போது வயித்தை உள்ள இழுத்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப பாரு, அந்தப் பழக்கத்தை ரூம்லயே பூட்டி வச்சுட்டு வா. வயிறு தெரிஞ்சாத் தெரிஞ்சிட்டுப் போகட்டும், தாலி கட்டியாச்சுல்லா.

மூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இழுத்தா கொஞ்சம் மேல போவ, விட்டா கொஞ்சம் கீழ இறங்குவ. கைகாலை ஆட்டாம, நெஞ்சாலயே ஏறி இறங்குற வித்தை அது. பெரிய கைகாரன்னு பேரு வாங்கினவனுக்கெல்லாம் அதுதான் படிப்பு. நீ என்ன செய்வ தெரியுமா? சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை உதைப்ப. உதைச்சா மணல் கிளம்பும், தண்ணி கலங்கும், அடுத்தவனுக்கு ஒண்ணும் தெரியாது. போதாக்குறைக்கு காத்தும் சீக்கிரம் தீரும்.

காது விசயத்துல எங்களைப் பாத்துப் படிக்காத. நாங்க அந்தக் காலத்துல காது வலிச்சா வலிக்கட்டும்னு இறங்கிருவோம். அதோட பலன்தான் இப்ப உங்க அத்தை கூப்பிட்டா எனக்குக் கேக்காது. பாதி நிசமாவே கேக்காது. நீ மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, வாயை மூடி, மெதுவா ஊது. காதுக்குள்ள 'டப்'னு திறக்கும். வலி வந்த பொறவு ஊதுறதுல அர்த்தம் இல்ல, வலிக்கு முன்னாலயே மீட்டருக்கு ஒரு தடவை ஊதணும். மேல் பத்தடியிலதான் காதுக்கு நெருக்கடி ஜாஸ்தி, அடியில இல்ல. திறக்கலையா, கொஞ்சம் மேல ஏறித் திரும்ப ஊது. வீம்புக்கு முக்கி ஊதினா காதுதான் கெடும். சளி பிடிச்சு மூக்கு அடைச்சிருந்தா அன்னைக்கு இறங்காத. முன்பணம் கட்டியாச்சேன்னு பாக்காத, காதுக்கு முன்பணம் யாரும் திருப்பித் தர மாட்டாவ.

ஊருல எல்லாரும் 'ஆக்சிஜன் சிலிண்டர்'ம்பாவ. போயி அப்படிச் சொல்லிராத, சிரிப்பாவ. உள்ள இருக்கது நீயும் நானும் இப்ப இழுத்துக்கிட்டு இருக்க இதே காத்துதான். 200 பார் அமுக்கத்துக்கு அமுக்கி அடைச்சு வச்சிருக்கு. வெறும் ஆக்சிஜனை வச்சுக்கிட்டு ஆறு மீட்டருக்குக் கீழ போனா அதுவே விசமாயி வலிப்பு வந்திரும். 1943-ல கூஸ்தோன்னு ஒரு பிரெஞ்சு கடற்படைக்காரரும் கான்யான்னு ஒரு இஞ்சினியரும் சேர்ந்து ஒரு வால்வு செஞ்சாவ. நீ இழுத்தா மட்டும் காத்து வரும், இழுக்கலேன்னா நிக்கும். அதுதான் உன் வாயில இருக்கப் போறது. அமுக்கம் காட்டுற முள்ளு 50 பார் பக்கம் வந்ததும் மேல வந்திரணும். பதறுறவனுக்கு அந்தக் காத்து சட்டுனு காலியாவும், நிதானமா இருக்கவளுக்கு நின்னு நிதானமா ஓடும். ரெண்டு பேருல யாருக்கு முதல்ல தீருதோ அவரைக் கூட்டிட்டு மேல வந்திருவாவ. மவளே, உனக்கு இன்னும் பாதி மிச்சம் இருக்கும், இவனுக்கு முடிஞ்சிருக்கும். இப்பவே சொல்லிட்டேன், அங்க வச்சுச் சண்டை போடாதிய. ஆளுக்கு ஒரு வாத்தியார் உண்டான்னு முன்னாலயே கேட்டு வச்சுக்க, பிரச்சினை தீந்துச்சு. படகுல அவசரத்துக்கு ஆக்சிஜன் வச்சிருக்காவளான்னும் கேளு. இதுக்கு முழிக்கிறவன் எவ்வளவு மலிவாக் கூப்பிட்டாலும் போகாத.

அடியில பேச முடியாது, எல்லாம் கைஜாடைதான். அங்க கட்டைவிரலை உசத்திக் காட்டினா 'மேல போகணும்'னு அர்த்தம். நீ 'சூப்பரா இருக்கு'ன்னு உசத்திக் காட்டுவ. அவன் உடனே உன்னை மேல கூட்டிட்டு வந்து, "என்ன செய்யுது சார்?"னு கேப்பான். நல்லாருக்குன்னா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வட்டம் போட்டுக் காட்டணும். அரைமணி நேரம் ரெண்டு பேரும் பேசாம ஒரே இடத்துல இருக்கப் போறிய. அந்தமான்ல எனக்குப் பிடிச்ச சங்கதி இதுதான்.

முங்க மாட்டேன், மேல மிதந்தே பாக்குறேன்னு சொன்னா அதுக்கும் வழி இருக்கு. ஸ்நார்க்கல்னு ஒரு குழாய். எலிபென்ட் பீச்னு ஒரு இடத்துக்குப் படகுல கூட்டிட்டுப் போவாவ. சொன்னா நம்ப மாட்ட, அந்தத் தீவுல ராஜன்னு ஒரு யானை இருந்துச்சு. மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டு வந்தது. கடல்ல இறங்கித் தும்பிக்கையை மேல நீட்டிக்கிட்டு நீந்தும். 2016-ல செத்துப் போச்சு. யானைத் தும்பிக்கையைப் பாத்து, முங்குறவன் மூச்சு விடுற கருவிதான் இதுன்னு ரெண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னாலயே அரிஸ்டாட்டில் எழுதி வச்சிருக்காரு. ஆனா யானை செய்யுதேன்னு நீயும் குழாயை நீட்டிக்கிட்டே ஆழத்துக்குப் போக முடியாது. சினிமாவுல கதாநாயகன் தாமரைத் தண்டை வாயில வச்சுக்கிட்டு ஏரிக்கு அடியில மணிக்கணக்கா ஒளிஞ்சு கிடப்பான். அதெல்லாம் டைரக்டர் விட்ட மூச்சு. அரை மீட்டருக்குக் கீழ போயிட்டா தண்ணி நெஞ்சை அமுக்கும், மேல இருக்க காத்தை இழுக்க உனக்குத் தெம்பு காணாது. நீ விட்ட மூச்சும் குழாய்க்குள்ளயே நின்னு திரும்ப உனக்கே வரும். அதான் குழாயை ஒண்ணரை அடிக்கு மேல செய்யுறதில்ல. யானைக்கு நுரையீரலும் நெஞ்சுக்கூடும் ஒட்டியே இருக்கும், அது தாங்கும்.

குழாயை வச்சுக்கிட்டுக் குப்புற மிதக்கணும், அவ்வளவுதான். குழாய்க்குள்ள தண்ணி வந்தா ஒரே ஊதுல வெளிய தள்ளு. இங்கயும் நீ தலையைத் தூக்கித் தூக்கி "ஏய், அங்க பாரு, நீல மீனு"ம்ப. வாயைத் திறந்தா உப்புத்தண்ணிதான். அப்புறம் முதுகு. வயிறு தண்ணிக்குள்ள குளுகுளுன்னு இருக்கும், வெயில் பின்பக்கமா வறுத்துக்கிட்டு இருக்கது தெரியாது. கை நீண்ட சட்டையும் கால் மூடுற கால்சட்டையும் போட்டுக்க. இல்லேன்னா ராத்திரி ரெண்டு பேரும் குப்புறத்தான் படுக்கணும், தேன்நிலவுக்கு வந்தவங்களுக்கு அது அழகில்ல. கால் வலிக்குதுன்னு பவளப்பார் மேல ஏறி நின்னுறாத. கல்லு மாதிரி தெரியும், கல்லு இல்ல. பொடிப்பொடியா லட்சக்கணக்கான உசுரு சேர்ந்து கட்டினது. 2010-லயும் 2016-லயும் கடல் சூடேறி அந்தப் பார்கள் வெளுத்துப் போயி, இப்பத்தான் அங்கங்க தலை எடுக்கு. அதுல உன் எம்பது கிலோவையும் இறக்காத.

அடியில என்ன பாப்பியன்னு கேட்டா, முதல்ல எல்லாம் பெருசாத் தெரியும். முகமூடிக் கண்ணாடி வழியாப் பாத்தா மீன் நிசத்தை விட மூணுல ஒரு பங்கு பெருசு, கிட்டவும் இருக்கும். உங்க பெரியப்பா பிடிச்ச மீனுக்கு அளவு சொல்லுறப்ப அவரும் அங்க இருந்துதான் பாத்திருப்பாரோன்னு எனக்கு இப்பச் சந்தேகம். ரெண்டாவது, கொஞ்சம் ஆழம் போனதும் செவப்பு நிறம் முதல்ல காணாமப் போகும். செவப்புல நீச்சல் துணி வாங்கி வச்சிருக்கியாமே மவளே, அங்க அது பழுப்பாத்தான் தெரியும், போட்டோவுல பாத்துட்டு எங்கிட்ட வராத.

கடல் தாமரைன்னு ஒண்ணு இருக்கும், விரல் விரலா ஆடிக்கிட்டு. அதுக்குள்ள ஆரஞ்சும் வெள்ளையுமா ஒரு மீன் குடும்பம் குடியிருக்கும். நெமோன்னு எல்லாரும் போட்டோ எடுப்பாவ. அந்தக் குடும்பத்துக் கதையைக் கேட்டுட்டுப் போ. இருக்கதுல பெரிய மீனு பொம்பளை. அவ வச்சதுதான் சட்டம். அடுத்த பருமன் அவ புருசன். மிச்சம் எல்லாம் எடுபிடிப் பயலுவ, வளர விட மாட்டாவ. அவ செத்துட்டா புருசன்காரன் அழுதுக்கிட்டு இருக்க மாட்டான். அவனே பொம்பளையா மாறி வீட்டு அதிகாரத்தை எடுத்துக்கிடுவான். எடுபிடியில மூத்தவன் புருசன் ஆயிருவான். எல்லாப் பயலுவளும் ஆம்பளையாப் பிறந்து, அதிகாரம் கைக்கு வந்தாத்தான் பொம்பளை. மருமவனே, நீ சிரிக்காத. நம்ம குடும்பத்துல நடக்கதும் ஏறக்குறைய அதுதான், உங்க அத்தையைப் பாத்தியா?

கிளாத்தியில பெரிய சாதி ஒண்ணு இருக்கு, டைட்டன்ம்பாவ. முட்டை காக்குற காலத்துல விரட்டிக் கடிக்கும். அப்ப மேல ஓடாத. அது காவல் காக்குற இடம் தரையில சின்னதா ஆரம்பிச்சு மேல போகப் போக அகலமா விரியும். மேல போனா அது எல்லைக்குள்ளயேதான் ஓடிக்கிட்டு இருப்ப. பக்கவாட்டுல விலகிப் போ. மத்தபடி கடல் முள்ளெலி, கல்லு மீனு, சிங்க மீனு எல்லாம் தானா வந்து ஒண்ணும் செய்யாது. நீ தொட்டாத்தான். கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்லுறது அதுக்குத்தான்.

சுறா வருமான்னு கேட்ட. பாருல சுத்துற சின்னச் சுறா உன்னைப் பாத்தா ஓடிரும். இங்க முத்துக் குளிச்ச காலத்துல கடல்கட்டின்னு ஒருத்தர் கரையில இருந்து மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்டுவாரு, அதுக்கு முத்துச்சிப்பியில பங்கும் வாங்கிக்கிடுவாரு. இப்ப அந்த வேலையை இன்சூரன்ஸ்காரன் பாக்கான். நீ பயப்பட வேண்டியது முதலைக்கு. அந்தமான்ல உப்புத்தண்ணி முதலை உண்டு, கடல்லயும் வரும். 2010-ல ராதாநகர் கடற்கரை ஓரத்துல ஸ்நார்க்கல் பண்ணிக்கிட்டு இருந்த ஒரு அமெரிக்கப் பொண்ணை முதலை கொண்டு போச்சு. எங்க 'இறங்காதே'ன்னு போர்டு வச்சிருக்கோ, அங்க இறங்காத. கண்டல் காட்டு ஓடைப் பக்கம், பொழுது சாஞ்ச பொறவு, கால் நனைக்கக் கூடப் போகாத. "போர்டு பழசு மாமா"ன்னு சொல்லுவ. முதலை புதுசு.

மாமாவுக்கு ஆசையா ஒரு சங்கு, ஒரு பவளத்துண்டுன்னு எடுத்துட்டு வந்திராத. 1972-ம் வருசத்து வனவிலங்குச் சட்டத்துல பவளமெல்லாம் இருக்கு. விமான நிலையத்துல பையைத் திறந்து பாப்பாவ. சங்குக்காரன் மருமவன் சங்கோட பிடிபட்டான்னு பேப்பர்ல வந்தா, திரேஸ்புரத்துல நான் எப்படி நடமாட?

கடைசி நாள் முங்காதிய. ஆழத்துல இருந்தவன் உடம்புல நைட்ரசன் கரைஞ்சு கிடக்கும். விமானம் ஏறினா அமுக்கம் குறைஞ்சு அது குமிழி குமிழியாக் கிளம்பி மூட்டைப் பிடிக்கும். ஒரு முங்குன்னா 12 மணி நேரம், பல முங்குன்னா 18 மணி நேரமாவது தரையில இருந்துட்டுப் பறக்கணும்னு கணக்கு. ஒரு முழு நாளே விட்டுருங்க. அன்னைக்குச் செல்லுலார் ஜெயிலைப் பாருங்க. உள்ள நடந்து முடிச்ச பொறவு இவன் நல்லா சும்மா இருப்பான்.

ஒண்ணு மட்டும் எனக்காவச் செய்யி. அங்க இருந்து அத்தைக்குப் போன் பண்ணும்போது, "கடல்ல கால் நனைச்சோம், நல்லா இருந்துச்சு"ன்னு மட்டும் சொல்லு. நாப்பதடி போனோம், நெமோவைப் பாத்தோம்னு சொன்னேன்னு வச்சுக்க, அடுத்த வருசம் அவளும் போகணும்பா. டிக்கெட் நான்தான் போடணும். போதாதுன்னு வாத்தியார் வேலைக்கும் என்னையத்தான் நிப்பாட்டுவா.